அமாவாசைக் கம்பியும் என் பின்டயரும்

மாப்பிள்ளைக்கு என் மேல் வருத்தம் ஏதும் இருப்பதாக நான் நினைத்ததில்லை, அந்த சைக்கிளைப் பெங்களூரிலிருந்து பெட்டியில் போட்டு அனுப்பும் வரை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெலிந்த சட்டம், லேசான எடை, ஒரு விரலால் தூக்கலாம். ஆனால் டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, கழுவி விட்டது போன்ற நெடுஞ்சாலையில் கும்பலாக ஓட்டிவிட்டுத் தோசை தின்று திரும்புகிறவர்களுக்கான டயர் அது. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் திருவண்ணாமலை டவுனுக்கு வேலைக்குப் போகிறவனுக்கானது அல்ல.

ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பழைய தாலுகா ஆபீசுக்குப் பின்னால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து, பென்ஷன் கிடைக்காதவர்களுக்கு மனு எழுதுகிறேன். எந்த விதியைக் காட்டி மறுத்தார்களோ, அதற்கு அடுத்த விதியைக் காட்டிக் கேட்பது என் தொழில். முப்பது வருஷம் மறுக்கிற பக்கத்தில் இருந்தவனுக்கு இது ஒன்றும் சிரமமில்லை.

முன்பு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணில் புரை வளர்ந்தது தெரியாமல் ஒருநாள் நின்றுகொண்டிருந்த மாட்டின் மேல் மோதினேன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் வந்து, கண் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்து, ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஸ்கூட்டர்தான் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது இந்த சைக்கிள்.

கிரிவலப் பாதையில் நடப்பவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அன்னதானப் பந்தலைப் பிரித்தபின் ஆணி கிடக்கும். உடைந்த பாட்டில் கிடக்கும், அதுவும் பக்தி முற்றிய நாட்களில் அதிகமாக. ஓரத்து வேலிகாத்தான் முள் எப்போதும் உண்டு. முதல் மாதத்திலேயே இரண்டு பஞ்சர். முதலாவதில் முள், இரண்டாவதில் பாட்டில் சில். மூன்றாவது தடவை டயரிலிருந்து நான் பிடுங்கியது தலைமயிர் கனத்தில் ஒரு கம்பித் துண்டு. லாரி டயர் வெடித்தால் இப்படிக் கம்பி சிதறும் என்று படித்திருந்தேன். அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். மூன்றையும் காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். குற்றவாளியைத் தெரிந்துகொள்ளாமல் தண்டனை எழுதுவது என் பழக்கமில்லை.

மூன்று முறையும் தெரிந்தவர்களுக்குப் போன் செய்து, ஆட்டோ வரவழைத்து, சைக்கிளை அதில் சாய்த்துக்கொண்டு வீடு வந்தேன். மூன்று முறையும் நான் முகம் கழுவி முடிப்பதற்குள் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு யார் சொல்கிறார்கள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டம்மாதான். என் மனைவி காலமானபின் அந்த அம்மாவிடம் என் மகள் தன் நம்பரைக் கொடுத்து, "அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். என் கேட் சத்தம் கேட்டால் அவர்கள் வீட்டு ஜன்னல் திறக்கும்.

மூன்றாவது பஞ்சருக்குப் பிறகு வந்த அழைப்பில் மகள் குரல் உயரவில்லை. அதுதான் கவலைக்குரியது.

"அப்பா, போதும்பா. இன்னொரு தடவை ரோட்ல நின்னுட்டு யாரையாவது கூப்பிட்டீங்கன்னா, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்."

"கூப்பிடறதுன்னா? போன்லயா, வாயாலயா?"

"அப்பா!"

"கண்டிஷன் போட்டா தெளிவா போடணும்."

"எப்படியோ. இன்னொருத்தரை உதவிக்குக் கூப்பிட்டா. ஒத்துக்கறீங்களா?"

"கூப்பிட்டா. சரி, ஒத்துக்கறேன்."

பெங்களூரில் எனக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. பதினோராவது மாடி. அதன் ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் வீட்டு ஜன்னல் தெரியும். கீழே என் வயதுக்காரர்கள் வட்டமாக நடந்து, வட்டமாக உட்கார்ந்து, அவரவர் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறேன். என் மகள் நல்லவள். அந்த அறையும் நல்ல அறை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். ஆக, இந்த வீட்டில் நான் இருப்பதும் போவதும் ஒரு டயரின் கையில் வந்து நின்றது.

டயர் விஷயத்தை முறைப்படி ஆராய்ந்தேன். மாப்பிள்ளையிடம் கேட்டது மரியாதைக்காக.

"மாமா, பஞ்சர் புரொட்டெக்‌ஷன் டயர் போட்டா வெயிட் ஜாஸ்தி ஆயிடும். ஸ்பீடு போயிடும்."

"எனக்கு எங்க மாப்பிள்ளை ஸ்பீடு? மனு கொண்டு வர்றவங்க பத்து வருஷமா காத்திருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது."

"இல்ல மாமா, ஓட்டுற ஃபீல் போயிடும்."

"ஆட்டோவுல சைக்கிளோட உக்காந்து போற ஃபீல் எனக்குத் தெரியும். அதுக்கு இது பரவாயில்லை."

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் முதலில் ஒரு பச்சைத் திரவத்தை எடுத்து வைத்தார். டியூபுக்குள் ஊற்றிவிட்டால் ஓட்டை விழுந்த நொடியே அதுவே அடைத்துக்கொள்ளுமாம். இறுக்கமாகக் காற்றடிக்கும் மெல்லிய டியூபில் அது அடைப்பதற்குள் வெளியே பீய்ச்சி அடிக்கும் என்று சொன்னேன். அவர் அதை உள்ளே வைத்துவிட்டு, காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயரைக் காட்டினார். அதில் பஞ்சர் ஆக எதுவும் இல்லை என்பது உண்மை. ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பில் தனித்தனியாகப் பதிவு செய்யும் என்பதும் உண்மை. மூன்றாவதாக உள்ளே போய் ஒரு டயரைக் கொண்டுவந்தார்.

"சார், இது பஞ்சரே ஆகாது."

"ஆச்சுன்னா?"

"ஆகாது சார்."

"ஆச்சுன்னா என்னன்னு கேட்டேன்."

"ஆச்சுன்னா கொண்டாங்க சார், ஒட்டித் தரேன்."

இந்த மாவட்டத்தில் எனக்குக் கிடைத்த நேர்மையான பதில்களில் அது ஒன்று. டயரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரோட்டில் படும் ரப்பருக்கு அடியில் மஞ்சளாக ஒரு தடித்த பட்டை, முள்ளும் சில்லும் அதைத் தாண்டி டியூபுக்குப் போகாதபடி. பக்கச்சுவரும் கெட்டி. அகலம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். என் சைக்கிளின் பிரேக்குக்கு அடியில் அவ்வளவு அகலம் நுழையுமா என்று வீட்டிலேயே அளந்துகொண்டு வந்திருந்தேன். நுழையும். அகலம் கூடினால் காற்று கம்மியாக வைக்கலாம். காற்று கம்மியானால் கல்லின் மேல் டயர் குத்துப்படாமல் அமுங்கிப் போகும். எல்லாம் சரியாக வந்தது.

கடைக்காரர் அதை மாட்டியபோது ரிம்மைக் காலால் மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நெம்பியால் ஏற்றினார். முகமெல்லாம் வியர்வை. டயர் எவ்வளவு உறுதி என்று நான் மகிழ்ந்தேன். போடுவதற்கு இவ்வளவு பாடு என்றால் கழற்றுவதற்கு எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். உள்ளே வரும் வழியை எல்லாம் அளந்தவன் வெளியே எடுக்கும் வழியை யோசிக்கவில்லை. அரசாங்கத்தில் திட்டங்கள் இப்படித்தான் தீட்டப்படும்.

டயரோடு ஒரு கைப்பம்பு, இரண்டு பிளாஸ்டிக் நெம்பி, ஒட்டுப் பெட்டி எல்லாம் வாங்கிச் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டேன். ஒரு பழைய டியூபை வைத்து ஒட்டுப்போடப் பழகினேன். நன்றாகவே ஒட்டினேன்.

புது டயரோடு சைக்கிள் வாசலில் நின்ற மறுநாள், ஹேண்டில்பாரில் ஓர் எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பச்சை மிளகாயும் அடியில் ஒரு கரித்துண்டுமாகத் திருஷ்டிச் சரம் தொங்கியது. பக்கத்து வீட்டம்மாவின் உபயம். அவர்களுக்கு அதுதான் தொழில். அமாவாசைக்கு அமாவாசை எங்கள் ஊரிலிருந்து செங்கம் ரோடு வளைவு வரை உள்ள கடைகளுக்கெல்லாம் சரம் கட்டிக் கொடுப்பது அவர்கள்தான்.

"யாரும்மா இதைக் கட்டச் சொன்னது?"

"ஊரு கண்ணு சார். போறவன் வரவன்லாம் உங்க சைக்கிளைத்தான் பாக்கறான்."

"ஊருல ஒரு கண்ணுதாம்மா என்னைப் பாக்குது. அது உங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு."

"பாப்பா பாத்துக்கச் சொல்லிச்சு, பாக்கறேன். உங்களுக்காகவா பாக்கறேன்?"

அன்று மாலையே அதை முறுக்கி எடுத்து, எல்லோரும் போடுகிற இடத்தில், அதாவது ரோட்டோரத்தில் வீசினேன். அந்த அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் வீசினேன்.

அந்த டயர் பல வாரங்கள் என்னைத் தலைநிமிர்ந்து ஓட்ட வைத்தது. முள் மேல் ஏறினேன், சில் மேல் ஏறினேன். ஒருநாள் ரப்பரில் பதிந்திருந்த ஒரு வேலிகாத்தான் முள்ளை நகத்தால் எடுத்து எறிந்தேன். உள்ளே போக வழியில்லாமல் முனை மழுங்கிக் கிடந்தது. மகளுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

பிறகு ஓர் அமாவாசை. கடைக்காரர்கள் மாலையில் பூசணிக்காய் உடைத்து, பழைய சரத்தை அவிழ்த்து ரோட்டில் போட்டுப் புதிதைக் கட்டினார்கள். மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டி, மூடிக் கிடந்த ஓர் இளநீர்க் கடை முன்னால் பின்சக்கரம் தளர்ந்து, ரிம் ரோட்டில் இடித்தது.

இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். டயரில் ஒரு கம்பி குத்தி நின்றது. அதன் வெளி நுனியில், நசுங்கி, சாயம் போய், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு பச்சை மிளகாய்க் காம்பு.

மாத்திரை டப்பாவில் இருந்த கம்பி நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே கனம். லாரியின் மேல் போட்ட வழக்கை அங்கேயே தள்ளுபடி செய்தேன். முள்ளையும் கண்ணாடியையும் தடுக்கிற பட்டை இந்த மயிர்க்கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை. இழைகளுக்கு நடுவே ஊசி மாதிரி நுழைந்துவிட்டது. கண் படாமல் இருக்கக் கட்டியது, கண் பட்டதையும் வாங்கிக்கொண்டு ரோட்டில் விழுந்து, என் டயருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

போன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்தால் பதினோராவது மாடி. எடுக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கழற்றி, நெம்பியை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நுழைத்து அழுத்தினேன். டயர் அசையவில்லை. இரண்டாவது நெம்பியையும் நுழைத்தேன். முதல் நெம்பி பட்டென்று உடைந்து, பாதி எங்கோ பறந்தது. கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். வயதான மூட்டு எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு தள்ளியது. எதையும் உள்ளே விடாத டயர் என்னையும் உள்ளே விடவில்லை.

"இன்னா சார், நின்னுட்டீங்களா?"

காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மா. முதல்நாள் சரம் கொடுத்த கடைகளில் கூடையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரும் நேரம்.

"நிக்கலை. வேலை பண்றேன்."

"கையெல்லாம் ரத்தம் சார்."

"இது யாரோட கம்பின்னு பாருங்க." மிளகாய்க் காம்போடு நீட்டினேன்.

வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். "என்னோடதுதான். முறுக்கு என் முறுக்கு."

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்காம? ஆனா கடைக்காரன் போட்டதா, அன்னிக்கு நீங்க வீசி எறிஞ்சதா, அதை எப்படி சார் நான் சொல்லுவேன்?"

நான் எதிர்க்கேள்விக்குப் போனேன்.

"நூல்ல கட்டினா என்னம்மா? எதுக்குக் கம்பி?"

"நூலுன்னா அணிலு கடிக்குது. காத்துக்கு அறுந்து வுழுது. கம்பின்னா ஒரே குத்து, எலுமிச்சம்பழத்துக்குள்ள போயிடும்."

"டயருக்குள்ளயும்தான்."

"வண்டி ஏறி நசுக்குனாத்தான் சார் கண்ணு கழியும். ரோட்ல போடாம எங்க போடுவாங்க?" கூடையைக் கீழே வைத்தார்கள். "நகருங்க. நான் புடிக்கறேன்."

"நான் உங்களைக் கூப்பிடலை."

"யாரு சொன்னா கூப்பிட்டீங்கன்னு? நானாத்தான் வந்தேன்."

"அதை அப்படியே ஞாபகம் வெச்சுக்கணும்."

"இன்னாத்த?"

"நீங்களா வந்தீங்கன்றதை."

என்னைப் பார்த்த பார்வையில், கண்ணில் வந்த கோளாறு மூளைக்கும் போய்விட்டதோ என்ற சந்தேகம் தெரிந்தது. ஆனாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தை முழங்காலில் அழுத்திப் பிடித்து, டயரை எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். நான் மிச்சமிருந்த நெம்பியைப் போட்டேன். "தள்ளுங்க." "நீங்க இழுங்க." "எனக்குக் கத்துக் குடுக்காதீங்க சார், தள்ளுங்க." இப்படி ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே ஒரு பக்கத்தை வெளியே எடுத்தோம். டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, தேய்த்து, பசை காய விட்டு ஒட்டுப்போட்டேன். அந்த நேரமெல்லாம் அவர்கள் என் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாராட்டாக ஒரு வார்த்தை சொல்லாமல். டயரை மறுபடி உள்ளே ஏற்றவும் அதே சண்டை. காற்றடித்து ஏறி உட்கார்ந்தேன். நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். கம்பி யாருடையது என்பது நினைவுக்கு வந்தது. மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனேன்.

மாலையில் மகள் கூப்பிட்டாள். எதிர்பார்த்ததுதான்.

"அப்பா, நின்னுட்டீங்களாமே."

"ஓட்டிக்கிட்டுதான் ஆபீஸ் போனேன். ஓட்டிக்கிட்டுதான் வந்தேன்."

"அவங்க சக்கரத்தைப் புடிச்சாங்களாம். அது உதவி தானே?"

"உதவிதான். நான் கூப்பிட்டேனான்னு கேளு."

"கேட்டேன். 'சார் கூப்பிடலை பாப்பா, நானாத்தான் போனேன், அதை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னாரு'ன்னாங்க."

சாட்சி கடைசி வரியை விட்டிருக்கலாம்.

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "கண்டிஷன் கூப்பிட்டாத்தானே? மாமா சொல்றது கரெக்ட்டுதான்." கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என் பக்கம் பேசிய முதல் வாக்கியம். சைக்கிள் அனுப்பியதை அன்று பாதி மன்னித்தேன்.

"சரிப்பா," என்றாள் மகள். "அடுத்த அமாவாசைக்கு என்ன பண்ணப் போறீங்க? அப்பவும் அவங்களா வருவாங்களா?"

அது நியாயமான கேள்வி. இரவல் கட்டைவிரலை நம்பி ஒரு வீட்டில் குடியிருக்க முடியாது. மறுநாள் அவர்கள் கேட்டைத் தட்டினேன். அதுவரை நான் தட்டியதில்லை.

"நூல்ல கட்டுங்க. மெழுகு போட்ட கெட்டி நூல் நான் வாங்கித் தரேன். காத்துக்கு அறாது."

"நூலுன்னா ஊசி வேணும் சார். எனக்கு ஊசிக் காது தெரியறதில்லை. ஒவ்வொரு சரத்துக்கும் யாரு கோத்துக் குடுப்பாங்க?"

என் புதுக் கண்ணுக்கு அன்று காலை மலை உச்சிப் புதர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று புரிந்தது.

இப்போது ஒவ்வோர் அமாவாசைக்கும் முதல்நாள் வக்கீல் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்வதில்லை. மதியம் அவர்கள் வீட்டு வராந்தாவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கோணி ஊசிகளில் நூல் கோக்கிறேன். சுற்றிலும் எலுமிச்சம்பழக் கூடை, மிளகாய் மூட்டை, தும்மல்.

"முடிச்சு பெருசா போடுங்க சார், மிளகா நழுவுது."

"முடிச்சு போடறது நாம பேசினதுல இல்லை."

"அப்ப கம்பியிலயே கட்டிக்கறேன்."

முடிச்சைப் பெரிதாகப் போடுகிறேன். அணில் கடித்தது, இரண்டு கடைக்காரர்கள் முனகினார்கள் என்பதற்கெல்லாம் நானே பொறுப்பு என்று தினமும் நினைவூட்டப்படுகிறது. செங்கம் ரோடு வளைவுக்கு அப்பால் சரம் கட்டுவது வேறு ஆள், இன்னும் கம்பியில்தான். அமாவாசைக்கு மறுநாள் அந்தத் தூரத்தை இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். தள்ளுவது கூப்பிடுவதாகாது.

போன அமாவாசைக்கு முதல்நாள் ஊசியும் கையுமாக இருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"வேலையா இருக்கேன்."

"என்ன வேலை?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுத்த ஊசியை எடுத்தேன். எனக்கு முன்னால் அந்த அம்மா போன் பக்கம் குனிந்து பதில் சொன்னார்கள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. அப்பா இங்கதான் கீறாரு. அங்கல்லாம் வரமாட்டாரு."